பழவங்காடிப் பத்தியம்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைக்கு வந்து இறங்குகிற எவருக்கும், பேருந்துகளின் இரைச்சலையும் மீறிக்கொண்டு காதில் விழுவது, பழவங்காடிக் கணபதி சந்நிதியில் தேங்காய்கள் உடைபடும் ஓசையாகும். பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் நாயர் படையினர் வழிபட்டு வந்த மூர்த்தி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் அங்கிருந்து பெயர்ந்தபோது படையோடு தானும் புறப்பட்டு வந்து இங்கே அமர்ந்தது என்பது ஸ்தல வரலாறு. சமஸ்தானப் படை இந்தியப் படையில் ஐக்கியமான பின்பும் இக்கோயிலின் நிர்வாகம் இன்றளவும் இராணுவத்தினரின் பொறுப்பிலேயே இருந்து வருகிறது. சந்நிதிக்கு மேற்கே கோட்டை, கோட்டைக்குள் பத்மநாபசுவாமி ஆலயமும் தமிழ்ப் பிராமணர்களின் அக்கிரகாரங்களும். கிழக்கே எதிர்ச்சாரியில் தொடங்கிக் கிள்ளியாற்றை நோக்கி நீளும் சாலைக் கடைத்தெரு. வடக்கே நடக்கக்கூடிய தூரத்தில் ஆயுர்வேதக் கல்லூரி. ஆலயம், அங்காடி, வைத்தியசாலை ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட இந்தச் சிறு வட்டாரத்தில் நிற்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. நல்ல ஆகாரத்தைத் தேர்ந்து உண்பதும் தேகத்தைப் பேணிக்கொள்வதும் தனி மனிதனுடைய விவேகத்தைச் சார்ந்த விஷயம் என்று இக்காலத்து வைத்தியர்கள் ஒருமுகமாக உபதேசிக்கிறார்களே, இவ்வூரில் அப்படித் தேர்ந்துகொள்ளும் சந்தர்ப்பம் மனிதனுக்கு எப்போதுதான் வாய்த்தது?

மேற்கிலிருந்தே தொடங்கலாம். கோட்டைக்குள் ஆகாரத்தைத் தீர்மானித்தது தர்மம். மார்த்தாண்ட வர்ம மகாராஜா இராஜ்யத்தைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணம் செய்தபின் ஆறாண்டுகளுக்கு ஒருமுறை முறஜபம் நடந்தேறி வந்தது. 56 தினங்கள் வேதபாராயணம் நிகழும். அத்தனை தினங்களும் வந்திருக்கும் வைதிகர்களுக்குப் போஜனம் உண்டு. இது போக, சமஸ்தானம் எங்கும் ஊட்டுப்புரைகள் இருந்தன. வழிப்போக்கரான பிராமணர் எவரும் அங்கே இலை போட்டு உட்காரலாம். பருப்பு, நெய், காளன், ஓலன், எரிசேரி, பிரதமன் என்று அடுக்கடுக்காக வந்த அந்த விருந்துகளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சமையற்கலை என்ற அளவில் அவற்றுக்கு ஈடு சொல்வது கடினம். ஆயினும் அவை ஊரில் சிறுபான்மையினரின் ஆகாரம் என்பதையும், இன்றைய கல்யாண மண்டபங்களில் ‘பாரம்பரிய உணவு’ என்ற பெயரில் பரிமாறப்படுவது பெரும்பாலும் அந்தச் சிறுபான்மையினரின் விசேஷ நாள் இலைதான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏர் பிடித்தவனும் தென்னை ஏறியவனும் ஓணத்தன்று ஒருமுறை கண்ட இலையை, அவனுடைய பேரன் மாதத்துக்கு நான்கு முறை காண்கிறான். பாட்டன் வயலில் இறங்கியதைப்போல் பேரன் இறங்குவதில்லை.

கிழக்கே சாலைக் கடைத்தெருவை ஏற்படுத்திய பெருமை, தர்மராஜா என்று பிரசித்தி பெற்ற கார்த்திகைத் திருநாள் மகாராஜாவின் திவானாக இருந்த ராஜா கேசவதாசரைச் சேரும். ஒரு வியாபாரியின் கடையில் கணக்கெழுதும் சிறுவனாக வாழ்க்கையைத் தொடங்கியவர் என்று சொல்லப்படும் அவருக்கு, தலைநகரத்துக்கு வேண்டியது அரண்மனைகளைவிட முதலில் ஒரு சந்தை என்பது தெரிந்திருந்ததில் வியப்பில்லை. நாஞ்சில் நாட்டு நெல்லும், திருநெல்வேலிச் சீமையின் பருப்பும் வற்றலும், மலையிலிருந்து இறங்கிய மிளகும் சுக்கும் இங்கே வந்து சேர்ந்தன. அவற்றோடு தமிழ் வியாபாரிகளும் வந்து நிலைத்தார்கள். சாலையில் இன்றும் தமிழ் பேசிச் சாமான் வாங்கலாம். இந்தத் தெருவில் என்னை எப்போதும் நிறுத்தி வைக்கிற கடைகள் ‘அங்ஙாடி மருந்து’க் கடைகள்தாம். வாயகன்ற சாக்குகளில் தேவதாரு, குறுந்தோட்டிவேர், திப்பிலி, அதிமதுரம், கடுக்காய் ஆகியவை திறந்தபடி இருக்கும். வைத்தியர் எழுதிக்கொடுத்த சீட்டைக் கடைக்காரர் ஒரு முறை பார்ப்பார், பிறகு அதைப் பாராமலே ஒவ்வொரு சாக்காகக் கையை விட்டு எடுத்துத் தராசில் போட்டு, எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் கொட்டிப் பொட்டலம் கட்டிவிடுவார். பலசரக்குக் கடையும் மருந்துக் கடையும் ஒட்டி ஒட்டி இருப்பதால், சீரகமும் வெந்தயமும் எந்தக் கடைக்குரியவை என்பது அங்கே ஒருபோதும் தீர்மானமாகவில்லை.

இந்தக் கடைகளுக்கு வருஷத்தில் ஒரு மாதம் திருவிழா. தமிழ்நாட்டில் ஆடி என்று வழங்கும் மாதம் மலையாளக் கணக்கில் கர்க்கடகம். ‘கள்ளக் கர்க்கடகம்’ என்றும் ‘பஞ்சக் கர்க்கடகம்’ என்றும் அதற்கு வசைப்பெயர்கள் உண்டு. இடவப்பாதி மழை இடைவிடாமல் கொட்டும். வயலில் வேலை இராது, கடலில் வள்ளம் இறங்காது. போன அறுவடையின் நெல் பத்தாயத்தின் அடியைத் தொட்டுவிடும், அடுத்த அறுவடைக்கோ சிங்க மாதம் பிறக்க வேண்டும். இந்த மாதத்துக்கு வைத்தியர்கள் ஒரு சாஸ்திரம் வைத்திருந்தார்கள். மலையாள தேசத்து வைத்தியர்கள் மற்றெல்லா நூல்களுக்கும் மேலாகப் போற்றும் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம், ருதுசரியை கூறும் அத்தியாயத்தில், வருஷருதுவில் ஜடராக்கினி மந்தப்படும் என்றும், ஆகையால் பழைய தானியத்தையும் பயற்று ரசத்தையும் இலகுவான ஆகாரத்தையும் கொள்ள வேண்டும் என்றும், பகல் தூக்கத்தையும் ஆற்றுநீரையும் விலக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. மழைக்காலத்து ஆற்றுநீர் எத்தகையது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கடைசி விதியின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

கர்க்கடகக் கஞ்சி இந்தச் சாஸ்திரத்தின் பிரயோகம். அறுபது நாளில் விளையும் ஞவரை அரிசியைக் கழுவி, வெந்தயத்தையும் ஆளிவிதையையும் முன்னிரவே ஊறவைத்துச் சேர்த்து வேகவைத்து, சுக்கும் சீரகமும் பொடித்திட்டு, தசபுஷ்பம் என்று சொல்லப்படும் பத்து மூலிகைகளை இடித்துப் பிழிந்த சாற்றை ஊற்றி, இறக்கும் தறுவாயில் தேங்காய்ப்பால் விடுவார்கள். தசபுஷ்பம் என்றாலும் அவற்றில் மலருக்காக எடுக்கப்படுவது ஒன்றுமில்லை. அருகும், கரிசலாங்கண்ணியும், சிறுபீளையும், முடக்கற்றானும், நிலப்பனையும், விஷ்ணுகிராந்தியும், முயல்செவியும் கலந்த அந்தக் கட்டில் பாதிக்கு மேல் நம் ஊர்த் தோட்டங்களில் களை என்று பிடுங்கி எறியப்படுபவை. வெந்தயத்தின் கசப்பு தூக்கலாக இருக்கும். கருப்பட்டி சேர்க்கிறவர்களும் உண்டு, உப்பு மட்டும் போடுகிறவர்களும் உண்டு. ஏழு நாள், பதினான்கு நாள், இருபத்தொரு நாள் என்று ஒற்றைப்படை வாரக் கணக்கும் இரட்டைப்படை வாரக் கணக்குமாக அவரவர் குடும்ப வழக்கப்படி அருந்துவார்கள்.

கஞ்சியைவிட எனக்கு அருமையாகப் படுவது பத்திலை. கர்க்கடகத்தில் பத்து வகை இலைகளைப் பறித்துத் தேங்காய்த் துருவலோடு தோரனாக வதக்கித் தின்பது வழக்கம்: சேம்பு, சேனை, மத்தன், கும்பளம், பயறு ஆகியவற்றின் தளிர்கள், தகரை, தாள், நெய்யுண்ணி, முள்ளங்கீரை, இவற்றோடு தொட்டால் அரிக்கும் ஆனைக்கொடித்தூவை. ஊருக்கு ஊர் இந்தப் பட்டியல் சற்று மாறும். ஆனால் எல்லா ஊர்களிலும் முருங்கையிலைக்கு அந்த மாதம் விலக்கு. நெல் இல்லாத மாதத்தில் இலை இருந்தது என்பதே இதன் முதற்காரணம். மழையில் தானாகத் தழைத்து வேலியோரம் முழுதும் நின்ற இலைகளைப் பசித்தவர்கள் பறித்துத் தின்றார்கள். வைத்தியர் அதற்கு நூலில் இடம் கண்டு கொடுத்தார். பஞ்சாங்கம் அதை ஆசாரமாக்கிற்று. இரும்புச்சத்தும் நார்ச்சத்தும் நிறைந்தது என்று இன்று நாம் வியக்கும் அந்த உணவு தரித்திரத்தின் வயிற்றில் பிறந்தது என்பதைச் சொல்வதில் அதற்கு அவமானம் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் அம்மன் கோயில்களில் ஆடிக்கூழ் ஊற்றுவதையும் இதனோடு சேர்த்துத்தான் நான் எண்ணிப் பார்க்கிறேன். இப்போது வேலிகள் மதில்களாகிவிட்டன. தகரையும் தாளும் வேலியோடு போயின.

1889ஆம் ஆண்டு ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் ஆயுர்வேதப் பாடசாலையைத் தொடங்கியபோது, குடும்பம் குடும்பமாக மறைவாகக் காக்கப்பட்ட வைத்தியம் சமஸ்தானத்தின் கல்வியாயிற்று. அதுவே வளர்ந்து இன்றைய கல்லூரி. மருந்துகளின் பெயரைப் பாடமாக்கிய அந்தக் கல்வி பத்தியத்தையும் பாடமாக்கிற்று என்பதுதான் நமக்கு முக்கியம். பக்கத்தில் மகாராஜா மகளிர் கல்லூரியில் பிற்காலத்தில் தமிழ் கற்பித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, காலை மாலை உலாவுவதையும், நன்னீரையும், நன்கு பசித்த பின்பே உண்பதையும் ‘உடல்நலம் பேணல்’ என்ற எளிய பாட்டில் அமைத்தார். தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் அதை மனப்பாடம் செய்தார்கள். அந்தப் பாட்டில் பணச்செலவு வைக்கும் பதார்த்தம் எதையும் கவிமணி சேர்க்கவில்லை.

கர்க்கடகம் போனால் மற்றப் பதினோரு மாதங்களுக்கும் சாதாரணக் கஞ்சிதான். பலாவிலையைக் கோட்டி ஈர்க்குச்சியால் குத்திக் கரண்டியாக்கிக்கொண்டு, சிவந்த புழுங்கலரிசிக் கஞ்சியைச் சிறுபயற்றுத் தோரனோடும் சுட்ட பப்படத்தோடும் குடிப்பது, திருவிதாங்கூர் முழுவதும் ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் பொதுவாக இருந்த இராப்போஜனம். அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசினைப் பயறு ஈடுசெய்யும். பயற்றில் குறைந்த மெத்தியோனினை அரிசி தரும். இதைவிட வியப்பானது அரிசியின் கதை. நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவிட்டு உலர்த்திய பின்பே குத்துவது இந்நாட்டு வழக்கம். அவ்வாறு புழுக்கும்போது தவிட்டில் உள்ள பி வைட்டமின்கள் நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றன. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அவை முற்றிலும் போய்விடுவதில்லை. யந்திரத்தில் தீட்டிய பச்சரிசியைத் தின்ற வட சர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி நோய் கால்களை வீங்கச் செய்து இருதயத்தை நிறுத்திக்கொண்டிருந்த காலத்தில், புழுங்கலரிசி தின்ற தெற்கில் அது அரிதாக இருந்ததன் காரணம் இதுவே. குன்னூரில் 1918இல் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சியும், அவருக்குப் பின் அங்கே தலைமை வகித்த அய்க்ராய்ட் முதலியோர் 1940இல் வெளியிட்ட அரிசிப் பிரச்னை பற்றிய நூலும் இதை ஐயமறத் தெளிவுபடுத்தின. புழுக்கியவள் வைட்டமினுக்காகப் புழுக்கவில்லை. புழுக்கினால் நெல் குத்தும்போது குருணையாகாது, பூச்சியும் எளிதில் விழாது. அவளுடைய சிக்கனமே அவள் பிள்ளைகளைக் காத்தது.

இனி மரச்சீனியைச் சொல்ல வேண்டும். வடக்கத்தி மலையாளிகள் கப்பை என்பார்கள். திருவனந்தபுரத்திலும் குமரி மாவட்டத்திலும் அது மரச்சீனியே. தென்னமெரிக்காவில் பிறந்து போர்த்துக்கீசியரோடு கடல் கடந்து வந்த இக்கிழங்கு, 1880 முதல் 1885 வரை ஆட்சி செய்த விசாகம் திருநாள் மகாராஜாவின் ஊக்கத்தினால்தான் திருவிதாங்கூர் மண்ணில் வேரூன்றியது. தாவர நூலில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்த அவர், விஷக்கிழங்கு என்று பிரஜைகள் அஞ்சியதைப் போக்குவதற்காக அரண்மனையிலேயே அதைச் சமைக்கச் செய்து உண்டார் என்பது செவிவழிச் செய்தி. பிரஜைகளின் அச்சம் முழுவதும் மூடத்தனம் அன்று. கிழங்கில் லினமாரின் என்ற பொருள் உண்டு. திசுக்கள் நைந்தால் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு பிறக்கும். ஆகவேதான் இங்குள்ள பெண்கள் தோலைச் சீவிக் கிழங்கைக் கொத்தி, மூழ்க நீர் விட்டுக் கொதிக்கவைத்து, அந்த நீரை அடியோடு வடித்துக் கொட்டிவிட்டு, பிறகே உப்பும் மஞ்சளும் சேர்க்கிறார்கள். அதற்குத் துணையாகச் சாளைமீன் குழம்பு. மரச்சீனியில் மாவு உண்டு, புரதம் அநேகமாக இல்லை. மீன் அந்தக் குறையைத் தீர்ப்பதோடு, எஞ்சிய சயனைடைத் தேகம் முறித்து வெளியேற்றுவதற்கு வேண்டிய கந்தகம் கலந்த அமினோ அமிலங்களையும் தருகிறது. மீன் வாங்க வகையற்றவனுக்குக் காந்தாரி மிளகாயும் உப்பும் அரைத்த சம்மந்தி மட்டுமே; இங்கேதான் தொல்லை பிறந்தது.

திருவிதாங்கூரில் தென்னையும் மிளகும் பெருகப் பெருக நெல் வயல் பற்றாக்குறையாயிற்று. சமஸ்தானம் தன் அரிசிக்குப் பர்மாவை நம்பி வாழப் பழகிவிட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் அந்தக் கதவு அடைபட்டது. பங்கீட்டுச் சீட்டு வந்தது. பங்கீட்டில் கிடைத்த அரிசி வயிற்றின் ஒரு மூலைக்கும் காணாதபோது மரச்சீனியே முழு ஆகாரமாயிற்று. 1943–44இல் ஏற்பட்ட துயரத்தை இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த கே. ஜி. சிவசுவாமி முதலியோர் நேரில் கண்டு நூலாக எழுதினார்கள். சேர்த்தலைப் பக்கத்துக் கயிற்றுத் தொழிலாளர்களிடையே புரதமின்மையால் வந்த வீக்கமும் புண்ணும் வயிற்றுக்கோளாறும் அதில் பதிவாகியுள்ளன. பஞ்சத்திலிருந்து பல்லாயிரம் உயிரைக் காத்த கிழங்கும், தனியே தின்றால் தேகத்தை உருக்கிய கிழங்கும் ஒன்றேதான். நாஞ்சில் நாடு 1956 நவம்பர் முதல் தேதியன்று சென்னை இராஜ்யத்தோடு இணைந்தபோது, தமிழர்களாகிய நாம் மகிழ்ந்தோம்; சாலைக் கடைத்தெருவுக்கோ அண்டையில் இருந்த நெற்களஞ்சியம் எல்லைக்கு அப்பால் போயிற்று. ஸ்ரீகாரியத்தில் 1963இல் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டதையும், அடுத்த ஆண்டே கேரளம் முழுவதும் அரிசிப் பங்கீடு விரிந்ததையும் ஒருசேரப் பார்த்தால், அக்காலத்து அடுப்படிகளில் என்ன வெந்துகொண்டிருந்தது என்பது விளங்கும்.

ஆக, கோட்டைக்குள் தர்மமும், வெளியே பஞ்சாங்கமும், அரசரின் ஆர்வமும், யுத்தமும், பங்கீட்டு அட்டையும் மாறி மாறி இவ்வூரின் வாயைத் திறந்தும் மூடியும் வந்திருக்கின்றன. 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளிலிருந்து வந்த பணம் இந்த எஜமானர்கள் அனைவரையும் ஒரே தலைமுறையில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. இன்று மாலை நான்கு மணிக்கு ஏத்தக்காயப்பமும் சர்க்கரை கூடிய தேநீரும், இரவில் தட்டுக்கடைப் பொரோட்டாவும் பொரித்த கோழியும் சாமானியனுக்கும் எட்டும் பொருள்கள். எட்டுவதில் தவறில்லை, மூன்று தலைமுறை பசித்திருந்தவர்களின் ருசியைப் பரிகசிப்பது வயிறு நிறைந்தவர்களின் வழக்கம். விளைவை மட்டும் சொல்லியாக வேண்டும். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வில் நீரிழிவு உடையவர்கள் கோவாவில் 26.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3, கேரளத்தில் 25.5, நாட்டின் மொத்தக் கணக்கு 11.4 சதவீதமே.

அரசாங்கம் பழைய வழக்கப்படி மீண்டும் ஒரு கை பார்த்தது. 2016 ஜூலை வரவுசெலவுத் திட்டத்தில் கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக், பெயர்பெற்ற வணிகப்பெயருள்ள உணவகங்களின் பர்கர், பீட்சா முதலியவற்றுக்கு 14.5 சதவீதக் கொழுப்பு வரி விதித்தார். மறு ஆண்டு ஜூலையில் சரக்கு-சேவை வரி வந்து அதை விழுங்கிவிட்டது. கிழக்கேகோட்டையில் இரவு இரவாகக் கல்லில் புரண்ட பொரோட்டா அந்த வரியின் வலையில் விழவேயில்லை. ஆடி மாதமோ வேறு வேடம் பூண்டு நிலைத்திருக்கிறது: கர்க்கடகக் கஞ்சி இப்போது அச்சிட்ட பொட்டலத்தில் வருகிறது, அங்ஙாடி மருந்துக் கடையிலும் கிடைக்கிறது, குளிரூட்டிய பேரங்காடியிலும் கிடைக்கிறது. ஏழு நாள் அதைக் காய்ச்சிக் குடித்துவிட்டு மற்ற முந்நூற்று ஐம்பத்தெட்டு நாளுக்கும் பிராயச்சித்தம் ஆயிற்று என்று கருதும் மனப்பான்மையை வாக்படர் ஒப்பியிருக்க மாட்டார். அவருடைய நூலில் ருதுக்கள் ஆறு.

இவற்றைக் காட்டிலும் கவனத்துக்குரியது, திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரைப் பகுதியில் நடந்த ஒரு சோதனை. நீரிழிவு வரும் அபாயம் மிகுந்த, 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 1,007 பேரை 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து தேர்ந்தெடுத்து, அவர்களில் ஒரு பாதியினரை அண்டை அயலார் கொண்ட சிறு குழுக்களாக்கி, அவர்களுக்குள்ளேயே ஒருவரைப் பயிற்றுவித்துத் தலைவராக்கி, வைத்தியரின் உபதேசத்துக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டாரின் துணையோடு உண்பதையும் நடப்பதையும் மாற்றப் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவு ஆரவாரத்துக்கு இடந்தராதது: 24 மாதங்களில் குழுவில் சேர்ந்தோரில் 14.9 சதவீதத்தினருக்கும் சேராதோரில் 17.1 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. இந்த வேற்றுமை தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடும் என்றே ஆய்வாளர்கள் நேர்மையாகக் கணித்தார்கள். ஆனால் குழுவில் இருந்தவர்கள் காய்கறியும் பழமும் கூடுதலாக உண்ணத் தொடங்கினார்கள்; மது அருந்துவது குறைந்தது. என் அபிப்பிராயத்தில், மகாராஜாவும் பஞ்சாங்கமும் பங்கீட்டு அதிகாரியும் ஒருவர்பின் ஒருவராகக் காலி செய்துவிட்டுப் போன ஆசனத்தில் வேறு யாரேனும் உட்கார வேண்டுமென்றால், அந்த அண்டை வீட்டுக்காரருக்கு உள்ள தகுதி மற்றவருக்கு இல்லை. காய்கறி விலை ஏறும் வாரத்தில் அவர் வீட்டிலும் அதே விலைதான்.